240இசட்டை ஏற்றிச் செல்லத் திறந்த டிரெய்லரா, மூடிய டிரெய்லரா?

ஏரிக்கரை, நோவை, மிச்சிகன்

அன்பர்களுக்கு வணக்கம். ஆறு ஆண்டுகளாகக் கராஜில் நானே பிரித்துக் கோத்து வந்த 1972 டாட்சன் 240இசட் கார் சென்ற மாதம் பெயின்ட் கடையிலிருந்து வீடு வந்து சேர்ந்தது. தரைத்தகடு, பேட்டரித் தட்டு, இரு பக்கமும் கதவுக்குக் கீழுள்ள ராக்கர் தகடு எல்லாமே துருவேறிக் கிடந்ததால், அவற்றை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்த வண்டி இது. இனி ஒரு சொட்டு உப்புநீர்கூட அதன் மடிப்புகளுக்குள் போகக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

வரும் கோடையில் பந்தயத் தடங்களில் ஓட்டிப் பார்க்க, சவுத் ஹேவனிலுள்ள ஜிஞ்சர்மேன் தடத்துக்கு இருமுறையும், மிட்-ஒஹாயோவுக்கு ஒருமுறையும், முடிந்தால் விஸ்கான்சின் எல்க்ஹார்ட் லேக்கிலுள்ள ரோட் அமெரிக்காவுக்கு ஒருமுறையும் போக விருப்பம். ஓட்டிக்கொண்டே போகலாம் என்றாலும், தடத்தில் ஏதாவது முறிந்துவிட்டால் வீடு திரும்ப வழியில்லாமல் போகும். ஆகவே டிரெய்லர் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். அது திறந்ததா, மூடியதா என்பதில்தான் மனம் நிலைகொள்ளவில்லை. புதுப் பெயின்டைப் பார்க்கும்போதெல்லாம் மூடிய பெட்டிதான் சரி என்று தோன்றுகிறது. விலையையும் நிறுத்தும் இடத்தையும் எண்ணினால் தயக்கம் வருகிறது. இழுப்பதற்கு என்னிடம் இருப்பது டொயோட்டா 4ரன்னர் எஸ்யூவி. பட்டறிவு உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

மூன்றாங்கியர், டொலீடோ, ஒஹாயோ

வாழ்த்துகள் தம்பி. துருப்பிடித்த இசட் வண்டியை மீட்டெடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது செய்தவனுக்குத்தான் தெரியும்.

நீங்கள் வண்டியிலிருந்து தொடங்கி டிரெய்லருக்கு வருகிறீர்கள். நான் இருபது ஆண்டுகளாக இழுத்துப் பழகியதில் கண்டது, இழுக்கும் வண்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது. 4ரன்னரின் 2024 வரையிலான தலைமுறைக்கு இழுவை வரம்பு 5,000 பவுண்டு. கொக்கியின் மேல் இறங்கும் எடைக்கு, அதாவது டங் வெயிட்டுக்கு, வரம்பு 500 பவுண்டு. உங்கள் 240இசட் ஏறக்குறைய 2,330 பவுண்டு இருக்கும். உதிரிச் சக்கரங்கள் நான்கு, ஜாக்கி, கருவிப் பெட்டி, பெட்ரோல் கேன் எல்லாம் சேர்த்து 350 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 அடி அலுமினியத் திறந்த டிரெய்லர் 1,550 பவுண்டுக்கு அருகில் வரும். கூட்டினால் 4,230. வரம்புக்குள் நிற்கிறது, கொஞ்சம் இடைவெளியும் இருக்கிறது. அதே 18 அடியில் இரும்புத் திறந்த டிரெய்லர் என்றால் 2,000 பவுண்டைத் தொடும். மொத்தம் 4,680 ஆகும், முடியும் என்றாலும் இறுக்கம்தான்.

இப்போது மூடியதற்கு வருவோம். 20 அடி இரும்புச் சட்டப் பெட்டி வெறுமையாகவே 3,500 பவுண்டு அளவில் நிற்கும். அதன் மேல் உங்கள் வண்டியும் சாமானும் ஏறினால் 6,000 பவுண்டைத் தாண்டிவிடும். எல்லாம் அலுமினியத்தில் செய்த மூடிய டிரெய்லரைத் தேடிப் பிடித்தாலும் 5,000 பவுண்டுக்குள் அடக்குவது மிகக் கடினம். ஆகவே மூடிய டிரெய்லர் வாங்குகிறேன் என்று நீங்கள் சொன்னால், அதன் பொருள் ஒரு பிக்கப்பும் சேர்த்து வாங்குகிறேன் என்பதே.

எடை மட்டுமல்ல, காற்றும் இருக்கிறது. எட்டரை அடி அகலமும் ஏழடி உயரமும் கொண்ட பெட்டியின் முகப்பு ஏறக்குறைய 60 சதுர அடி. பல இழுவை வண்டிகளின் கையேடுகளில் டிரெய்லரின் முகப்புப் பரப்புக்கே தனி வரம்பு போட்டிருப்பார்கள். எடை வரம்பைப் படிக்கிறவர்களில் பலர் அந்த வரியைப் படிப்பதில்லை. திறந்த டிரெய்லரில் உங்கள் 240இசட் 4ரன்னரின் முதுகுக்குப் பின்னாலேயே ஒளிந்து வரும்.

நீலமலைச்சாரல், சார்லட், வட கரோலினா

மூன்றாங்கியர் ஐயா சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மூடிய டிரெய்லரை எட்டு ஆண்டுகளாக இழுத்து வருபவன் என்ற முறையில், அதற்காகவும் ஒருவர் பேச வேண்டும் என்று எழுதுகிறேன்.

என்னுடையது 24 அடிப் பெட்டி. அதில் முதல் நன்மை பெயின்ட் பாதுகாப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது இரண்டாவதுதான். முதல் நன்மை, வெள்ளிக்கிழமை இரவு போய்ச் சேர்ந்து, பெட்டிக்குள்ளேயே கட்டிலை விரித்துப் படுத்து, காலையில் மழை கொட்டினாலும் கூரைக்கடியில் நின்று பிரேக் பேடு மாற்ற முடிவதுதான். சக்கரங்கள் சுவர்த் தாங்கியில், கருவிகள் இழுப்பறையில், எல்லாம் போன பந்தயத்தில் வைத்த இடத்திலேயே இருக்கும். திறந்த டிரெய்லர் வைத்திருக்கும் நண்பர்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் ஒரு மாலை முழுவதும் சாமான் ஏற்றுவதையும், திரும்பியதும் இன்னொரு மாலை இறக்குவதையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது தூக்கம். ஓட்டலில் தங்கும்போது உங்கள் வண்டி எதுவென்று வாகன நிறுத்தத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பெட்டியையே கொக்கியோடு இழுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு என்பதால் கொக்கிப் பூட்டும் சக்கரப் பூட்டும் போடாமல் நான் தூங்கியதில்லை.

இனி அதன் குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். எட்டரை அடி என்பது வெளியளவு. நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட உச்ச அகலமான 102 அங்குலம் அதுதான். உள்ளே இரு பக்கமும் சக்கர மேடுகள் துருத்திக்கொண்டு நிற்கும். அவற்றுக்கு நடுவே கிடைப்பது 82 அங்குலம் போலத்தான். வண்டி அதில் நுழைந்துவிடும், ஓட்டியவர் வெளியே வர வேண்டுமே? கதவு சக்கர மேட்டில் இடிக்கும். ஓட்டுநர் பக்கத்துச் சுவரில் அகலமான தப்பிப்புக் கதவு வைத்த பெட்டியை வாங்காவிட்டால், சன்னல் வழியே உடம்பை நெளித்து இறங்க வேண்டும். நான் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் இறங்கினேன். பெல்ட் பக்கிள் உரசிக் கதவின் மேல்விளிம்பில் விழுந்த கீறல் இன்னும் இருக்கிறது. விஞ்ச் என்னும் வடச்சுருளை வைத்து இழுத்து ஏற்றுவது அதற்கு நல்ல மாற்று.

ஒரு நிகழ்ச்சியை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது யாருக்கும் நேரக்கூடியது. அப்போது என்னிடம் அரை டன் வகைப் பிக்கப் இருந்தது. மிட்-ஒஹாயோவிலிருந்து ஐ-77 நெடுஞ்சாலை வழியே தெற்கே வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது மழை. அவசரத்தில் உதிரிச் சக்கரங்களையும் ஜாக்கியையும் வழக்கமான முன்பக்கத் தாங்கியில் வைக்காமல், பின்கதவை ஒட்டியே அடுக்கிவிட்டேன். வெர்ஜீனியாவில் ஃபேன்சி கேப் இறக்கத்தில், ஒரு சரக்கு லாரி என்னைக் கடந்த நொடியில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. முதல் ஆட்டம் மெல்லியது, அடுத்தது அதைவிட அகலம், மூன்றாவதில் பிக்கப்பின் பின்பக்கமே தடம் மாறி நகர்ந்ததை இருக்கையில் உணர்ந்தேன். கால் பிரேக் மிதியை நோக்கிப் போயிற்று. போகவிடாமல் நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, பிரேக் கன்ட்ரோலரின் நெம்பை விரலால் தள்ளி டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்கச் செய்தேன். டிரெய்லர் பின்னால் இழுத்துப் பிடித்தது, ஆட்டம் அடங்கியது. நெடுஞ்சாலையை விட்டு வெளியேறும் அடுத்த வழியில் இறங்கி நின்றபோது என் கை நடுக்கம் நிற்கக் கால்மணி நேரம் ஆயிற்று.

காரணம் ஒன்றுதான். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் இறங்க வேண்டும். அச்சுக்குப் பின்னால் நான் அடுக்கிய சாமான் அந்த எடையைத் தூக்கிவிட்டது. திறந்த டிரெய்லரிலும் இது நேரலாம். ஆனால் பெட்டியின் பக்கச்சுவர் ஒரு பாய்மரம் போல நிற்பதால், லாரி தள்ளும் காற்று அங்கே சின்னத் தவறையும் பெரிதாக்கிவிடுகிறது. அந்த ஆண்டே அதைவிடக் கனமான முக்கால் டன் பிக்கப்பும், எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் என்னும் இணைப்பும் வாங்கினேன். 4ரன்னருக்குப் பின்னால் பெட்டியை மாட்டாதீர்கள் தம்பி. அது ஒன்றில் மூன்றாங்கியர் ஐயாவும் நானும் ஒரே பக்கம்.

வளைகுடாவாசி, சான் ஹோசே, கலிஃபோர்னியா

சுருக்கமாக ஒன்று. எங்கள் மாநிலத்தில் டிரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் வேக வரம்பு மணிக்கு 55 மைல்தான். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது வெளிமாநிலத்திலும் நான் அதைக் கொஞ்சம்தான் மீறுகிறேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடுவதால், 55 மைலில் இருப்பதைவிட 70 மைலில் அது ஏறக்குறைய 1.6 மடங்கு. வேகக் குறி இல்லாத டிரெய்லர் டயர்கள் 65 மைலுக்கு மட்டுமே தரமிடப்பட்டவை என்பதையும் மறக்க வேண்டாம்.

வாங்கும் முன் ஒரு பயணத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். யூ-ஹால் நிறுவனத்தின் கார் ஏற்றும் டிரெய்லர் வெறுமையாக 2,210 பவுண்டு. உங்கள் வண்டியோடு 4,540 ஆகும். சாமான்களை 4ரன்னருக்குள் வைத்தால் வரம்புக்குள் வரும். உந்துவிசையில் தானே பிடிக்கும் பிரேக் என்பதால் கன்ட்ரோலரும் தேவையில்லை. ஒரே பயணத்தில் உங்கள் 4ரன்னருக்கு எது தாங்கும், உங்கள் மனத்துக்கு எது தாங்கும் என்பது விளங்கிவிடும்.

ஏரிக்கரை

மூவருக்கும் நன்றி. நீலமலைச்சாரல் எழுதியதை மனைவியிடமும் படித்துக் காட்டினேன். மூடியதே வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு பேச்சை விட்டுவிட்டார்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எங்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் விதிப்படி டிரைவ்வேயில் டிரெய்லரை நிறுத்தி வைக்கக் கூடாது. 18 அடித் திறந்த டிரெய்லரைக் கூடக் கராஜில் விட முடியாது, கொக்கியில் மாட்ட முன்னால் நீளும் நாக்கோடு சேர்த்தால் 22 அடி வருகிறது. ஆகவே எதை வாங்கினாலும் வாடகை இடம் பார்த்தாக வேண்டும். பெட்டிக்குக் கூரையுள்ள உயரமான கொட்டகை வேண்டுமாம், திறந்ததை வேலிக்குள் சரளைத் தரையிலேயே விடலாமாம்; விசாரித்ததில் மாத வாடகை ஏறக்குறைய மும்மடங்கு வேறுபடுகிறது.

திறந்ததையே எடுப்பதாக வைத்துக்கொண்டு கேட்கிறேன்: கல்லடியிலிருந்து பெயின்டைக் காக்க உறை போட்டு மூடலாமா? காரை முன்முகமாக ஏற்றுவதா, பின்முகமாக ஏற்றினால் மூக்கு தப்புமா?

மூன்றாங்கியர்

உறை வேண்டவே வேண்டாம். வீட்டில் தூசிக்குப் போடும் உறையை இழுத்துக் கட்டி, இண்டியானாவரை போய் வந்தேன். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் காற்று உள்ளே புகுந்து துணி படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். துணிக்கும் பெயின்டுக்கும் நடுவே ஒரு மணல் துகள் மாட்டினால் போதும். இறங்கிப் பார்த்தபோது ஃபெண்டரின் மேல்வளைவும் கூரையின் இரு ஓரங்களும் சாம்பல் பூசியதுபோல் மங்கியிருந்தன. மூன்று வார இறுதிகள் பாலிஷ் போட்டேன். ஃபெண்டரின் வளைவு முழுவதாகத் திரும்பவில்லை.

கற்களில் பெரும்பாலானவை எதிரே வரும் வண்டியிலிருந்து வருவதில்லை. உங்கள் 4ரன்னரின் பின்சக்கரங்களே தூக்கி எறிபவை அவை. ஆகவே முதல் காப்பு 4ரன்னருக்கு அகலமான மட்ஃபிளாப். இரண்டாவது, டிரெய்லரின் முன்விளிம்பில் நிற்கும் கல்தடுப்புப் பலகை; பம்பரின் உயரத்துக்கு அது இருந்தால் மூக்குக்கு வரும் அடியில் பெரும்பகுதி அதிலேயே விழுந்துவிடும். மீதிக்கு மூக்கில் ஒட்டிக் கழற்றக்கூடிய தெளிவான படலம் போதும். டொலீடோவுக்கு அருகே ஐ-75 சாலைப்பணியில் ஒரு சரளை லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட அன்று எனக்கு இரண்டு சின்னப் புள்ளிகள் விழுந்தன. இத்தனை ஆண்டுகளில் நினைவில் நிற்கும்படி நேர்ந்தது அது ஒன்றுதான்.

பின்முகமாக ஏற்ற வேண்டாம். 240இசட்டின் பானெட்டுக்குக் கீல் முன்பக்கம் இருக்கிறது. முன்முகமாகப் போகும்போது தாழ்ப்பாள் நழுவினாலும் காற்று அதை அழுத்தியே வைக்கும். பின்முகமாக வைத்தால் பானெட்டின் திறக்கும் விளிம்பும், மேலே கீல் கொண்ட பின்கதவின் அடிவிளிம்பும் காற்றுக்கு முகம் காட்டும். எஞ்சின் முன்னால் இருப்பதால் முன்முகமாக வைத்தால்தான் டங் வெயிட்டும் எளிதில் அமையும். எஞ்சின் பின்னால் உள்ள போர்ஷே 911 வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு.

கட்டும் முறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு அங்குல ராட்செட் பட்டைகளில் வேலைப்பளு 3,333 பவுண்டு என்று தைத்திருக்கும் தரத்தை வாங்குங்கள். சேசிஸில் கொக்கி மாட்டி இழுத்தால் சஸ்பென்ஷன் அமுங்கும். பள்ளத்தில் இறங்கும்போது அது மேலும் அமுங்கப் பட்டை தளர்ந்து கொக்கி கழன்றுவிடலாம். அதைவிடச் சக்கரத்தின் மேலேயே வளைத்துக் கட்டும் பட்டைகள் மேல். வண்டி தன் சஸ்பென்ஷனில் ஆடிக்கொண்டு வரும், சக்கரம் மட்டும் அசையாது. பழைய இசட்டின் பின்பக்கத்தில் பிரேக் குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்க்காமல் அடியில் பட்டையைச் சுற்றிவிடக் கூடாது என்ற கவலையும் இதில் இல்லை. ஓட்டுநர் பக்கச் சக்கரக் காப்பைக் கழற்ற முடிகிற டிரெய்லராகப் பாருங்கள். 240இசட் அவ்வளவு தாழ்வான வண்டி, கதவைத் திறந்தால் காப்பில் இடிக்கும்.

மொஸ்போர்ட் தம்பி, ஸ்கார்பரோ, ஒன்ராறியோ

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே பவுமன்வில்லில் உள்ள மொஸ்போர்ட் தடத்துக்கு வாகனம் கொண்டுபோகிறவன். உப்பைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை என்றபடியால் எழுதுகிறேன்.

மிச்சிகனிலும் எங்களைப் போலத்தான் குளிர்காலம் முழுக்க வீதிக்கு உப்புக் கொட்டுவார்கள். பனி போய்விட்டது என்று ஏப்ரல் முதல் வாரத்தில் வெளிக்கிட வேண்டாம். வீதி ஓரத்தில் காய்ந்து கிடக்கிற உப்புத்தூள், முதல் மழையில் கரைந்து டயர் வழியே எழும்பி வாகனத்தின் அடிப்பக்கம் முழுக்கப் படியும். இரண்டு மூன்று பெருமழை வீதியைக் கழுவிய பிறகுதான் நான் திறந்த டிரெய்லரை வெளியில் எடுக்கிறேன்.

மூடிய பெட்டி என்றால் துருவே வராது என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு சொல். என் மைத்துனர் மழையில் நனைந்த வாகனத்தை அப்படியே பெட்டிக்குள் ஏற்றிப் பூட்டி, ஐந்து நாள் கழித்துத் திறந்தார். உள்கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிரேக் டிஸ்க் நான்கும் செம்மண் நிறத்தில் இருந்தன. காற்றுத் துவாரம் இல்லாத பெட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கும். திறந்த டிரெய்லரில் நனைந்த வாகனம் வீடு வருவதற்குள் காய்ந்துவிடும்.

நீலமலைச்சாரல்

அந்த ஈரத்தைப் பற்றிச் சொன்னது முற்றிலும் உண்மை. நான் கூரையில் துவாரமும் பக்கச்சுவரில் காற்று வாயிலும் வைத்த பிறகே அது நின்றது.

தம்பியின் நிலையில், அதாவது ஆண்டுக்கு நான்கு பயணம், 4ரன்னர், வாடகை நிறுத்தம் என்ற நிலையில், நானும் திறந்ததையே எடுப்பேன். ஆண்டுக்குப் பத்துப் பயணம், வீட்டின் பின்னால் நிறுத்த இடம், ஏற்கெனவே பெரிய பிக்கப் என்று ஆகும் நாளில் மூடியதை எண்ணலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: மலிவாகக் கிடைக்கும் பழைய டிரெய்லரை வாங்கும்போது டயரின் ஆழத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். நின்ற இடத்திலேயே வெயிலில் விரிசல் விட்டுப் போகும் டயர்கள் இவை. ஐந்தாறு ஆண்டு கடந்திருந்தால் மாற்றிவிட்டே கிளம்புங்கள்.

ஏரிக்கரை

மூன்று மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவாசி சொன்னபடி முதல் ஜிஞ்சர்மேன் பயணத்தை வாடகை டிரெய்லரில் முடித்தேன். பிறகு லான்சிங்கில் ஒருவரிடமிருந்து 18 அடி அலுமினியத் திறந்த டிரெய்லர் கிடைத்தது. கல்தடுப்பு இருந்தது, ஓட்டுநர் பக்கக் காப்பு கழன்றது, டயர்கள் எட்டு ஆண்டு பழையவை. நான்கையும் மாற்றினேன். 4ரன்னருக்கு மின்பிரேக் கன்ட்ரோலரும் மட்ஃபிளாப்பும் மாட்டினேன்.

மிட்-ஒஹாயோ போகும் முன், லாரி நிறுத்தத்திலுள்ள கேட் (CAT) நிறுவன எடைமேடையில் எடை பார்த்தேன். டிரெய்லர், வண்டி, சாமான் எல்லாம் சேர்ந்து 4,240 பவுண்டு. மூன்றாங்கியர் அண்ணா தாளில் போட்ட கணக்குக்குப் பத்துப் பவுண்டுதான் வித்தியாசம். ஆனால் நாக்கு எடைமானியில் டங் வெயிட் 515 காட்டியது, வரம்புக்குப் பதினைந்து பவுண்டு மேல். வண்டியை மூன்று அங்குலம் பின்னால் நகர்த்திக் கட்டியதும் 470 ஆனது. மொத்தத்தில் பதினொரு விழுக்காடு.

ஐம்பதாவது மைலில் நிறுத்திச் சக்கர நட்டுகளை இறுக்கம் காட்டும் டார்க் ரெஞ்சால் பார்த்தேன். வலப்பக்கப் பின்சக்கரத்தில் இரண்டு நட்டுகள் கால் சுற்று எடுத்துக்கொண்டன. நான்கு ஹப்பிலும் புறங்கையை வைத்துப் பார்த்தபோது ஒரே சூடுதான். 62 மைல் வேகத்தில் ஐ-75இல் லாரிகள் கடந்தபோது லேசாக ஒரு தள்ளல் தெரிந்தது, வாலாட்டம் இல்லை. திரும்பும்போது ஒரு மணி நேரம் மழை. வீடு வந்ததும் அடிப்பக்கத்தை நன்னீரால் கழுவி, மடிப்புகளில் காற்று அடித்து உலர்த்தினேன். மூக்கில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துத் தேடினேன். படலத்தில் இரண்டு குழிகள் இருந்தன, பெயின்டில் ஒன்றும் இல்லை.

முன்சக்கரங்கள் நின்ற இடத்தில், பலகையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் வரைந்து வைத்திருக்கிறேன். உதிரிச் சக்கரங்களுக்கும் கருவிப் பெட்டிக்கும் அதேபோல் நாடா ஒட்டி இடம் குறித்துவிட்டேன். மழையில் கிளம்பினாலும் எல்லாம் அந்தக் கோட்டுக்குள்தான் ஏறும்.